கோப்பையை வாடகைக்கு எடுக்கலாமா?

கொச்சியில் குடியிருந்துகொண்டு "எனக்குக் கால்பந்து தெரியாது" என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் நாளில், வைப்பினிலிருந்து எறணாகுளம் போகும் பஸ்களில் மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள்தான் நிறைந்திருப்பார்கள். மறுநாள் ஞாறக்கல் சாயக்கடையில் வேறு பேச்சே இருக்காது. இப்படிப்பட்ட ரசிகர் கூட்டம் இந்தியாவில் மிகச் சில அணிகளுக்கே வாய்த்திருக்கிறது.

ஆனால் 2014ல் பிறந்த அந்த அணி, 2024-25 வரை 11 பருவங்கள் ஆடியும் ஐ.எஸ்.எல். கோப்பையைக் கையில் தொடவில்லை. 2014, 2016, 2022 என்று மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய் மூன்று முறையும் தோற்றது. பணம் இல்லாமலா? ரசிகர்கள் இல்லாமலா? நல்ல ஆட்டக்காரர்கள் கிடைக்காமலா? மூன்றும் இருந்தன. பின் ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுவது நமக்கும் இப்போது அவசியமாகிவிட்டது.

காரணம், நம் சங்கத்தின் விளையாட்டுக் குழு வைத்திருக்கும் யோசனை. வரும் கோடையில் வைப்பினில் நடக்கும் செவன்ஸ் போட்டியில் சங்கத்தின் பெயரில் ஓர் அணியை இறக்க வேண்டும். அதற்கு மலபார் பக்கமிருந்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஐந்து ஆட்டக்காரர்களை வரவழைக்க வேண்டும். விளையாட்டு நிதி முழுவதையும் இதற்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வரும் பொதுக்குழுவில் இது முடிவாக இருக்கிறது. நண்பர்களின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. மறுநாட்டில் வாழும் தமிழர்களின் சங்கம் ஒரு கோப்பையைத் தூக்கினால் யாருக்குத்தான் பெருமையாக இராது? ஆனாலும் அந்த நிதியை இப்படிச் செலவிடுவது தவறு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கால்பந்து வரலாற்றிலிருந்தே எடுத்து வைக்கிறேன்.

மூன்று வேலைகள்

நான் ரயில்வேயில் பெட்டி பராமரிப்புப் பிரிவில் 36 ஆண்டுகள் இருந்தவன். படித்தது டிப்ளமோதான். எங்கள் பிரிவில் ஒரு பணிமனை நன்றாக நடக்க மூன்று வேலைகள் சரியாக நடக்க வேண்டும். முதலாவது ஆளெடுப்பு. இரண்டாவது மாற்றல், ஒருவரை அங்கே கொடுத்து இன்னொருவரை இங்கே வாங்கும் "மியூச்சுவல்" உட்பட. மூன்றாவது அன்றாடப் பராமரிப்பும் பயிற்சியும். முதல் இரண்டும் ஆண்டில் சில நாட்களில் முடிந்துவிடும். ஆர்டர் வரும், ஆள் வருவார், கூட்டமாகத் தேநீர் குடிப்போம். மூன்றாவது வேலைதான் ஆண்டு முழுவதும், ராத்திரி பகல் பாராமல் பிட் லைனில் நடப்பது. அதைப் பத்திரிகையில் யாரும் படம் போடுவதில்லை. ஆனால் வண்டி ஓடுவது அதனால்தான்.

கால்பந்து அணியும் இப்படித்தான். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, விற்பதும் வாங்குவதும், பயிற்சி கொடுப்பது என்று மூன்று வேலைகள். முதல் இரண்டும் எத்தனை சாமர்த்தியமாக நடந்தாலும், மூன்றாவது தொடர்ச்சியாக நடக்காவிட்டால் கோப்பை வராது.

இதை மிக ஒழுங்காகக் கணக்குப் போட்டு நடத்துபவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய ஃபுட்பால் வேறு ஆட்டம். பந்தே நீள் உருண்டையாக இருக்கும், கையாலும் ஆடுவார்கள். அந்த லீகில் 1936 முதல் "டிராஃப்ட்" என்ற முறை இருக்கிறது. கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்ற ஆண்டு கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்றவருக்குக் கடைசி வாய்ப்பு. நலிந்தவன் எழுந்திருக்க வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு.

1989ல் அங்கே டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அணி 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் வென்றது. அந்தப் பருவத்தின் நடுவில், தங்களிடம் இருந்த ஒரே பெரிய நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்குச் சில ஆட்டக்காரர்களையும், அடுத்து வரும் ஆண்டுகளின் தேர்வு வாய்ப்புகள் பலவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். ஊரே சிரித்தது. ஆனால் அந்த வாய்ப்புகளைக் கொண்டு இளம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து, ஜிம்மி ஜான்சன் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் பழக்கினார்கள். 1992, 1993 ஆகிய இரு பருவங்களிலும் கோப்பை அவர்களுக்கே. விற்றதாலும் வாங்கியதாலும் மட்டும் அது நடக்கவில்லை. முதல் ஆண்டு 15 ஆட்டங்கள் தோற்ற பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்களே, அதனாலும் நடந்தது.

இன்னொரு உதாரணம். 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் டாம் பிரேடி என்ற இளைஞரை நியூ இங்கிலாந்து அணி எடுத்தது 199ஆவது ஆளாக. அவருக்கு முன்னால் 198 பேரை எல்லா அணிகளும் சேர்ந்து பொறுக்கி எடுத்துவிட்டன. முதல் ஆண்டு அவர் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார். பிறகு பில் பெலிசிக் என்ற பயிற்சியாளரோடு சேர்ந்து ஆறு முறை சாம்பியன் ஆனார். ஆளெடுக்கும் நாளில் யார் முதலில், யார் கடைசியில் என்பதைவிட, எடுத்த பிறகு என்ன செய்தோம் என்பது எத்தனை பெரிது பாருங்கள்.

மஞ்சள் சட்டைக்காரர்களின் கதை

இனி நம் ஊருக்கு வருவோம். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014ல் இந்திய ஆட்டக்காரர்களை டிராஃப்ட் முறையில்தான் பங்கிட்டார்கள். 2015ல் ஏலமும் நடந்தது. கடைசி டிராஃப்ட் 2017 ஜூலையில் மும்பையில் நடந்தது. மலப்புறத்துக்காரரான அனஸ் எடத்தொடிக்காவை 1.10 கோடி ரூபாய்க்கு ஜாம்ஷெட்பூர் அணி முதல் ஆளாக எடுத்தது. அதன் பிறகு அந்த முறை நின்று, அணிகள் தாங்களே பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன.

முதல் ஆண்டிலேயே பிளாஸ்டர்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் விழுந்த ஒரே கோலால் கொல்கத்தாவிடம் தோற்றது. அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது பிளாஸ்டர்ஸின் இயன் ஹியூமுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் எங்கே? அதே கொல்கத்தா அணியில். பயிற்சியாளரும் புதிது, அவரையும் பருவத்தின் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள். 2015ல் பிளாஸ்டர்ஸ் கடைசி இடம்.

2016ல் ஸ்டீவ் கோப்பல் வந்தார். நிதானமானவர். அணியை இரண்டாம் இடத்துக்கும், கலூரில் நடந்த இறுதி ஆட்டத்துக்கும் கொண்டு வந்தார். முதல் கோலை முகமது ரஃபி போட்டபோது எழுந்த சத்தம் இன்றும் பேசப்படுகிறது. ஆட்டம் 1-1 என்று முடிந்து, பெனால்டியில் மறுபடி கொல்கத்தாவிடம் தோல்வி. அடுத்த பருவத்தில் கோப்பல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். கொச்சியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

2019-20ல் நைஜீரியக்காரரான ஓக்பெச்சே பிளாஸ்டர்ஸ் அணியின் கேப்டனாக இருந்து 15 கோல்கள் போட்டார். அடுத்த ஆண்டு அவர் மும்பையில், மும்பை சாம்பியன். அதற்கடுத்த ஆண்டு ஐதராபாத்தில். 18 கோல்களோடு லீகிலேயே அதிக கோல் போட்டவர். 2022 மார்ச் 20ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிளாஸ்டர்ஸுக்கு எதிர்ப்பக்கம் நின்றது அந்த ஐதராபாத்தான். கே.பி. ராகுல் போட்ட கோலால் முன்னணியில் இருந்த பிளாஸ்டர்ஸ், 88ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி, பெனால்டியில் 3-1 என்று தோற்றது.

பெனால்டி என்பது அதிர்ஷ்டம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிர்ஷ்டம் ஒருநாள் நம் பக்கம் திரும்ப வேண்டுமானால், நான்காவது, ஐந்தாவது இறுதி ஆட்டங்களுக்கும் நாம் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் வீட்டை இடித்துக் கட்டினால் எப்படிப் போய் நிற்பது?

11 பருவங்களில் பிளாஸ்டர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். அவர்களில் மூன்று பருவங்களை முழுமையாக முடித்தவர் செர்பியாக்காரரான இவான் வுகமானோவிச் ஒருவர்தான். 2021 முதல் 2024 வரை அவர் இருந்த மூன்று பருவங்களிலும் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அதற்கு முந்தைய நான்கு பருவங்களில் ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள என்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

இடையில் மாற்றல்களும் நடந்தன. பிளாஸ்டர்ஸில் வளர்ந்து இந்திய அணி வரை போன கண்ணூர் பிள்ளை சஹல் அப்துல் சமதை 2023ல் மோகன் பகானுக்குக் கொடுத்துவிட்டு, பணமும் பிரீத்தம் கோட்டால் என்ற தடுப்பாட்டக்காரரையும் வாங்கினார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர். ஒன்றரை ஆண்டில் பிரீத்தமும் சென்னையின் அணிக்குப் போய்விட்டார். மாற்றல் தவறென்று நான் சொல்லவில்லை. ரயில்வேயில் பாதிப் பேர் மாற்றலில்தான் ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் வருகிறவர் எந்த இடத்தில் என்ன வேலை செய்யப்போகிறார் என்பதைத் தீர்மானிக்க அதே போர்மன் அங்கே இருக்க வேண்டும். போர்மனே மாறிக்கொண்டிருந்தால் நல்ல ஃபிட்டர்கூட மூலையில் உட்கார்ந்திருப்பார்.

ஐதராபாத்தும் கோயம்புத்தூரும்

பிளாஸ்டர்ஸைத் தோற்கடித்த ஐதராபாத்தின் கதையையும் பாருங்கள். 2019-20ல் அந்த அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் இருந்தது. 2020ல் மனோலோ மார்க்கேஸ் என்ற ஸ்பெயின்காரர் பயிற்சியாளராக வந்தார். ஆகாஷ் மிஸ்ரா, ஆஷிஷ் ராய் போன்ற இளம் பிள்ளைகளைத் துணிந்து இறக்கினார். முதல் ஆண்டு ஐந்தாம் இடம், பிளே-ஆஃபுக்குள் வரவில்லை. அவரை யாரும் அனுப்பவில்லை. இரண்டாம் ஆண்டு கோப்பை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு கதை உண்டு. 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து சில பேர் வந்தார்கள். அவர்களில் பெட்ரோ மான்சி 21 கோல்கள் போட்டார். ஆனால் அவர்களைச் சுற்றி நின்றவர்கள் எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 2019 மார்ச் 9ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக முதலில் கோல் வாங்கி, பிறகு 3-1 என்று வென்றார்கள். 43 புள்ளி, இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன்!

அதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். சாம்பியன் ஆவதற்கு முன்பே அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். போனாலும் அணி விழவில்லை. ஏனெனில் அவரைப் போன்றவர்களைக் கண்டுபிடித்து வளர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை என்று அந்தக் கரை முழுவதும் கடல் மணலில் பந்து உதைக்கும் பிள்ளைகள்தான். நம் வைப்பின் கரையும் அதே அரபிக் கடல், அதே மணல், அதே வலை உலர்த்தும் குடும்பங்கள். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே ஊருக்கு ஊர் அண்ணன்மார்கள் தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இந்த இரண்டு கதைகளுக்கும் பின்பகுதி ஒன்று இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐதராபாத் பணமுடையில் சிக்கி, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, 2023-24ல் மறுபடி கடைசி இடத்துக்கு வந்தது. சென்னை சிட்டியோ 2020-21க்குப் பிறகு ஐ-லீகிலேயே இல்லை. நன்றாகக் கட்டிய வண்டியும் பராமரிப்பு நின்றால் ஷெட்டில்தான் நிற்கும்.

கொச்சியிலேயே நடந்தது

இவ்வளவு தூரம் போவானேன்? பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1973 டிசம்பரில் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றது. கேப்டன் மணி இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். 3-2 என்று தோற்றது யார் தெரியுமா? எங்கள் ரயில்வே அணி! 1960களில் மூன்று முறை அந்தக் கோப்பையை வென்றிருந்த பலமான அணி அது. ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். தமிழன் என்ற முறையில் மகிழ்ச்சி. ஏனெனில் அந்தக் கேரள அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு தமிழர், சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர்.

அந்தக் காலத்தில் ஏலமும் இல்லை, டிராஃப்டும் இல்லை. களமசேரி பிரீமியர் டயர்ஸ், ஆலுவாய் ஃபாக்ட், திருவனந்தபுரம் டைட்டானியம் போன்ற கம்பெனிகள் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து அணி வளர்த்தன. காலையில் பயிற்சி, பிறகு டியூட்டி, மாலையில் மறுபடி பயிற்சி. மாதச் சம்பளம் நிச்சயம் என்பதால் மனம் ஆட்டத்தில் இருந்தது. பின்னாளில் கேரளப் போலீசும் இதே வழியில்தான் வளர்ந்தது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனைச் சின்ன வயதிலேயே எடுத்து, வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷறஃப் அலி போன்றவர்களோடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடவைத்தார்கள். 1990, 1991 என்று அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பை கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் கொச்சியிலேயே உண்டு. 1997ல் எஃப்.சி. கொச்சின் பிறந்தது. ஐ.எம். விஜயன், ஜோபால் அஞ்சேரி, நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் என்று பெரிய ஆட்களை ஒரே மூச்சில் வாங்கிக் குவித்தார்கள். அந்த ஆண்டே மோகன் பகானைத் தோற்கடித்து டுராண்ட் கோப்பையை வென்றார்கள். கேரளத்தின் ஒரு கிளப் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. 1997-98 தேசிய லீகில் அதிக கோல் போட்டவர் ராமன் விஜயன்தான். ஊரே கொண்டாடியது. பிறகு சம்பளப் பாக்கி, ஆட்டக்காரர்கள் வெளியேற்றம், சில ஆண்டுகளில் அணியே இல்லை. கோப்பை வந்தது உண்மை. ஆனால் அந்தக் கோப்பை நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுவிட்டுப் போனது?

நம் சங்கம் செய்ய வேண்டியது

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். செவன்ஸ் ஆட்டத்தை நான் மட்டமாக நினைப்பவன் அல்ல. மலப்புறத்தில் அது ஒரு திருவிழா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி வாங்கி ஆடும் இளைஞர்கள் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. டிக்கெட் வசூல் உள்ள கமிட்டிக்கு அது தொழில். நமக்குத் தொழில் அதுவல்லவே! ஆட்டத்துக்கு முந்தின நாள் வந்து, மறுநாள் காலை ரயில் ஏறிப் போகிறவர்கள் ஐந்து பேர் கோப்பை வாங்கிக் கொடுத்தால், சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளிச் சாமான் கூடும். நம் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டியிருப்பார்கள். இரவல் நகை போட்டுக் கல்யாண வீட்டுக்குப் போவது போலத்தான் அது.

நம்மிடம் பிள்ளைகள் இல்லையா? ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபிகானாவை ஒட்டிய மைதானத்தில் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே சலவைத் தொழில் செய்துவரும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், மட்டாஞ்சேரிச் சந்தைத் தெருக்களின் பிள்ளைகளும் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். இக்கரையில் புதுவைப்பினிலும் மாலிப்புரத்திலும் அப்படியே. ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் ரூஃபஸ் டிசூசா என்ற பெரியவர் பல பத்தாண்டுகள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கால்பந்தும் ஹாக்கியும் சொல்லிக் கொடுத்ததை மட்டாஞ்சேரிக்காரர்கள் அறிவார்கள். மைதானமும் பிள்ளைகளும் இருந்தால் ஒரு மனிதர் தொடர்ந்து வந்து நின்றாலே எவ்வளவு நடக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆகவே பொதுக்குழுவின் முன் நான் வைக்கும் மாற்று யோசனை இது.

ஒன்று: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் "டி" லைசென்ஸாவது பெற்ற ஒரு பயிற்சியாளரை மூன்று ஆண்டுகளுக்கு அமர்த்த வேண்டும். சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அந்தத் தகுதி போதும். தோற்றாலும் மூன்று ஆண்டுகளுக்கு அவரை மாற்றக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் கமிட்டியும் முதல் தோல்வியிலேயே ஆள் மாற்றப் புறப்பட்டுவிடும்.

இரண்டு: பத்து வயது முதல் பதிமூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை இரு கரைகளிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நாள் ஓட்டப் பந்தயம் வைத்து வேகமாக ஓடுகிறவனை எடுப்பது தேர்வு ஆகாது. ஒரு மாதம் ஆடவிட்டுப் பார்த்து, பந்து காலில் இல்லாதபோது யார் சரியான இடத்தில் நிற்கிறார்கள் என்று கவனித்து எடுக்க வேண்டும். உயரம் போதாது என்று ஒதுக்கிய பிள்ளை மூன்று ஆண்டில் வளர்ந்துவிடலாம். 199ஆவது ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. மதுரையின் சேது எஃப்.சி. 2019ல் இந்தியப் பெண்கள் லீகின் சாம்பியன். கோழிக்கோடு கோகுலம் அணியின் பெண்கள் அதன் பிறகு மூன்று முறை சாம்பியன்.

மூன்று: வெளி ஆட்கள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுபவமுள்ள இரண்டு பேரைப் பருவம் முழுவதற்கும் பேசி அழைத்து வரலாம். ஆட்டத்தன்று மட்டும் வராமல், வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளோடு பயிற்சியில் நிற்பவர்களாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஸ்பெயின்காரர்கள் செய்தது அதுதான். இளம் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வதை எந்தப் புத்தகமும் தராது.

நான்கு: பூட்ஸ், படகு மற்றும் பஸ் கட்டணம், பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டையும் பழமும் சங்கத்தின் பொறுப்பு. செலவு சிறியது, ஆனால் மாதம் தவறக் கூடாது. பெரிய கிளப்புகள் கவிழ்ந்ததெல்லாம் மாதச் செலவு தவறியதில்தான். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்தக் காலில் அடி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ரயில்வேயில் ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சரித்திரம் எழுதிய ரிக்கார்டு உண்டு. பிள்ளைகள் பெட்டியைவிட மதிப்பில் குறைந்தவர்களா?

"அப்படியானால் இந்தக் கோடையில் நமக்குக் கோப்பை இல்லையா?" என்று இளைஞர் அணி நண்பர்கள் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு நம் பிள்ளைகள் அடி வாங்குவார்கள். நான்கு கோல், ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்பார்கள். வரப்பில் நிற்கும் சிலர் கேலி செய்வார்கள். "தமிழ் சங்கம் வெறும் கையோடு போகிறது" என்று சொல்வார்கள். அதைத் தாங்கிக்கொள்ளும் மனம் பெரியவர்களாகிய நமக்கு வேண்டும். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு அடுத்த ஞாயிறு மறுபடி ஆட்டம் இருந்தால் போதும்.

"மூன்று ஆண்டு கழித்தாவது கோப்பை உறுதியா?" என்று கேட்டாலும் என்னால் உறுதி தர முடியாது. கால்பந்தில் அந்த உறுதியை யாரும் தர முடியாது. கலூரில் ஸ்டேடியம் நிறைய ஆட்கள் இருந்தும் 2016ல் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மூன்று ஆண்டு ஒழுங்காகப் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் சிலர் பள்ளி அணிக்கும், ஒருவரிருவர் மாவட்ட அணிக்கும் போட்டியிடும் தகுதி பெறுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலும் போலீசிலும் வேலைக்கு மனுப் போடலாம் என்பது அவர்கள் வீட்டாருக்குத் தெரியவரும். எங்கள் பிரிவில் அப்படி வேலைக்கு வந்து, ஆட்டம் நின்ற பிறகும் நல்ல தொழிலாளியாக இருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சலவைக் கல்லடியிலும் படகுத் துறையிலும் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அந்த வழி திறந்தால், அதற்கு ஈடாக எந்தக் கோப்பையைச் சொல்வது?

விளையாட்டு நிதி உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த பணம். அதை ஒரே இரவில் ஐந்து பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதா, மூன்று ஆண்டுகள் இரு கரைப் பிள்ளைகளுக்குச் செலவிடுவதா என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் இதே இதழில் எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன். கை தூக்கும் நாளுக்கு முன் ஒருமுறை வேளி மைதானத்துக்கோ புதுவைப்பின் கடற்கரைக்கோ மாலையில் போய், அரைமணி நேரம் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.